மூன்று காணிக்கு நான்கு பாக்கெட்: நெல்லில் அகன்ற இலைக் களைக்கு மருந்தடிக்கும் முன்

"சார், மருந்து டூப்ளிகேட் சார். அடிச்சு பன்னெண்டு நாள் ஆச்சு. ஆரைக்கீரை அப்படியே நிக்குது."

சம்பா நடவு முடிந்த சில வாரங்களில் இந்தப் புகாரைக் கேட்காத ஆண்டே இல்லை. பாகூர் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் ஈரச் சாக்கில் ஒரு கட்டுக் களையும், சட்டைப் பையில் காலி பாக்கெட்டும் கொண்டு வந்திருந்தார். பாக்கெட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை. காலாவதி ஆகவில்லை, தொகுதி எண் இருந்தது, ரசீதும் இருந்தது. "எவ்வளவு நிலத்துக்கு அடித்தீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு காணிக்கு ஒரு பாக்கெட்" என்றார். தவறு அங்கேதான் இருந்தது.

புதுச்சேரி வட்டாரத்தில் நாம் நிலத்தைக் காணியில் பேசுகிறோம். கடைக்காரரும் பாக்கெட்டும் ஏக்கரில் பேசுகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டரில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி நம் பட்டாவில் எக்டர், ஆர், சென்டியார் என்று எழுதியிருக்கும். ஒரே வயலுக்கு இத்தனை அளவு. ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி என்ற கணக்கில் காணி என்பது 57,600 சதுர அடி. ஏக்கரோ 43,560 சதுர அடிதான். அதாவது ஒரு காணி ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்று மேல். சரியாகச் சொன்னால் 1.32 ஏக்கர். ஏக்கருக்கான பாக்கெட்டைக் காணிக்கு அடித்தால், ஒவ்வொரு களைச் செடிக்கும் கிடைக்க வேண்டிய மருந்தில் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. இளங்களை அதிலும் செத்துவிடும். நான்கு இலை தாண்டி, வேர் ஓடிய ஆரைக்கீரை சாகாது. சில நாள் மஞ்சளித்துவிட்டு மீண்டும் துளிர்க்கும்.

காரைக்கால் விவசாயிகளுக்கு ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே தஞ்சாவூர் வழக்கில் குழி என்பது 144 சதுர அடி. நூறு குழி சேர்ந்தால் மா. மூன்று மா ஒரு ஏக்கர். "நூறு குழிக்கு இவ்வளவு போடுங்கள்" என்று புதுச்சேரியில் இருக்கும் சம்பந்தி கைபேசியில் சொல்வதைக் கேட்டு அங்கே அடித்தால், மருந்து நான்கு மடங்காகிவிடும். களையோடு நெல்லும் போகும்.

மனதில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று காணி, நான்கு ஏக்கர். ஏக்கருக்கு ஒன்று என்று விற்கும் பாக்கெட்டானால் மூன்று காணிக்கு நான்கு வாங்குங்கள். உங்கள் ஊர்க் குழி வேறாக இருந்தால் பட்டாவில் உள்ள ஆர் கணக்கை நம்புங்கள். ஓர் ஆர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதில் தகராறு இல்லை.

இனி மருந்துக்கு வருவோம். நெல் வயலில் களை மூன்று வகை. புல் வகையில் குதிரைவாலிப் புல் முதலிடம். கோரை வகையில் ஊசிக்கோரை, வட்டக்கோரை. அகன்ற இலை வகையில் கரிசலாங்கண்ணி, நீர்மேல்நெருப்பு, நீர்க்கிராம்பு, கருங்குவளை. ஆரைக்கீரை தாவர இயல்படி பூக்காத பெரணி இனம். ஆனால் மருந்து அதனிடம் வேலை செய்யும் விதத்தை வைத்து அகன்ற இலைக் களையோடு சேர்த்தே பேசுகிறோம். கோரையை அடையாளம் காண, தண்டை இரு விரலால் உருட்டிப் பாருங்கள். முக்கோணமாகத் தட்டுப்பட்டால் கோரை. உருண்டையாக, கணுவோடு இருந்தால் புல். இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "களைக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் கொடுப்பார்.

நெல்லும் களையும் கலந்து நிற்கும் வயலில் ஒரே மருந்து எப்படி ஒன்றைக் கொன்று இன்னொன்றை விடுகிறது? 2,4-டியை எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் உடம்பில் இயற்கையாகவே ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உண்டு. 2,4-டி அதைப் போல நடிக்கும் வேதிப்பொருள். அகன்ற இலைச் செடிக்குள் இது போனதும் வளர்ச்சி கட்டுப்பாடிழக்கிறது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இலைக்காம்பு வளைந்து தொங்கும், சாறு ஓடும் குழாய்கள் அடைபடும். ஒன்றிரண்டு வாரத்தில் செடி மடியும். நெல்லின் இலை குறுகலாக, நிமிர்ந்து, மெழுகுப் பூச்சோடு இருப்பதால் துளி வழிந்துவிடும். அதன் குருத்து இலையுறைக்குள் பொதிந்திருக்கிறது. உள்ளே போன கொஞ்ச மருந்தையும் நெல் வேகமாகச் சிதைத்து வலுவிழக்கச் செய்துவிடுகிறது. தாங்கும் திறன் இவ்வளவுதான். அது எல்லா வயதிலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பு போர்க்காலத்தில் வந்தது. 1940-ல் இங்கிலாந்தில் டெம்பிள்மன் என்ற விஞ்ஞானி, செயற்கை வளர்ச்சி ஊக்கி ஒன்றை ஓட்ஸ் பயிரில் தெளித்தபோது, ஊடே முளைத்திருந்த காட்டுக் கடுகு மட்டும் மடிந்து ஓட்ஸ் அப்படியே நின்றது. அங்கிருந்து பிறந்தவைதான் எம்.சி.பி.ஏ.வும் 2,4-டியும். இந்தியாவுக்கு 2,4-டி 1946-ல் வந்தது. அதற்கு முன் 1937-ல் பஞ்சாபில் காட்டுக் குசும்பாவை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் நஞ்சைத் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். அதை நினைத்தால் நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம்.

நடவு நெல்லுக்கு 2,4-டி சோடியம் உப்பு 80 சதத் தூள் எக்டருக்கு 1.25 கிலோ, நட்டு மூன்று வாரத்தில், களை மூன்று நான்கு இலை விட்டிருக்கும்போது, 625 லிட்டர் தண்ணீரில் கைத்தெளிப்பானால் தெளிக்க வேண்டும். ஓர் ஆருக்கு 12.5 கிராம், காணிக்கு ஏறத்தாழ 670 கிராம். மெட்சல்பியூரான் மீத்தைலும் குளோரிமியூரான் ஈத்தைலும் கலந்த 20 சதத் தூள் எக்டருக்கு வெறும் 20 கிராம். ஏக்கருக்கு 8 கிராம் பாக்கெட் என்று விற்பது இதுதான். காணிக்கு 10.7 கிராம். இது அகன்ற இலைக் களையையும் கோரையையும் கேட்கும், புல்லை விட்டுவிடும். புல்லும் சேர்ந்திருந்தால் பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதம், எக்டருக்கு 200 முதல் 250 மி.லி., களை இரண்டு மூன்று இலைப் பருவத்தில். காணிக்கு 107 முதல் 134 மி.லி.

இந்த இடத்தில் சொர்ணவாரி, நவரை விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பரிந்துரைத் தாளில் ஒரு வரியாக வருவதால் பலர் கண்ணில் படுவதில்லை. 2,4-டியை இளங்கதிர் உருவாகும் பருவத்தில் தெளிக்கக் கூடாது. தெளித்தால் இலை வெங்காயத்தாள் போலக் குழலாகச் சுருளும், கதிர் உறையிலிருந்து சரியாக வெளிவராது, பதர் கூடும். இளங்கதிர் உருவாவது அறுவடைக்கு ஏறத்தாழ 65 நாள் முன்பு. ஏ.டி.டி. 43 போன்ற 110 நாள் ரகத்தில் அது விதைத்த 45-ம் நாள். நாற்றங்காலில் 20 முதல் 22 நாள் போய்விடுகிறது. மிச்சம்? நட்ட 23-ம் நாள்! "நட்டு மூன்று வாரம்" என்ற பரிந்துரையும் இளங்கதிரும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து மோதுகின்றன. ஆள் கிடைக்கவில்லை, மழை வந்துவிட்டது என்று நான்கு நாள் தள்ளிப் போட்டால், மருந்தை நேராகக் கதிரின் தலையில் அடித்ததாகிவிடும். வெள்ளைப் பொன்னி போன்ற 135 நாள் ரகத்தில் இந்த நெருக்கடி இல்லை. அங்கே இளங்கதிர் வர நட்டு 40 நாளாவது ஆகும். எனவே என் கருத்து, குறுகிய கால ரகத்தில் 2,4-டியைத் தொடாமல் இருப்பதே நல்லது. 15 முதல் 20 நாளுக்குள் மற்ற இரண்டில் ஒன்றைத் தெளித்து வேலையை முடித்துவிடுங்கள். நேரடி விதைப்பிலும் நெல் நான்கு இலை விடும் முன் 2,4-டி வேண்டாம்.

இப்போது தெளிப்பு. தெளிப்பதற்கு முன் வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும். நீருக்கு அடியில் இருக்கும் ஆரைக்கீரையின் மேல் மருந்து எப்படிப் படும்? தெளித்து இரண்டு நாள் கழித்து மீண்டும் தண்ணீர் கட்டுங்கள். தெளித்த பின் நான்கைந்து மணி நேரமாவது மழை இருக்கக் கூடாது. ஐப்பசியில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் காலை எட்டு மணிக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்.

பூச்சி மருந்துக்குப் பயன்படுத்தும் கூம்பு வடிவ நாசில் களைக்கொல்லிக்கு ஆகாது. அது மென்துளியாக உடைத்துக் காற்றில் விடும். தட்டை விசிறி நாசில் அல்லது வெள்ள நாசில் போடுங்கள். நெல்லின் மேல் முழங்கால் உயரத்தில் பிடித்து, கையை இடம் வலமாக வீசாமல், நேராக நடங்கள். எத்தனை டேங்க் என்பதை ஊகிக்க வேண்டாம். பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் தெளியுங்கள். 5 லிட்டர் செலவானால் எக்டருக்கு 500 லிட்டர். 3 லிட்டரிலேயே முடிந்தால் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று பொருள்.

ஒரு காணிக்கு 16 லிட்டர் டேங்க் 17 தேவைப்படும். 10.7 கிராம் தூளைப் பதினேழாகப் பிரிக்க எந்தக் கையாலும் முடியாது. எட்டரை லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைத்து, டேங்குக்கு அரை லிட்டர் அளந்து ஊற்றுங்கள். கலங்காத நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரக் கிராமங்களில் உப்பு ஏறிய, கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் 2,4-டி உப்பு திரிந்து அடியில் படியும். சோப்பு நுரைக்காத தண்ணீரானால் அதில் கலக்காதீர்கள். வாய்க்கால் தண்ணீரைத் தெளியவைத்து எடுத்தாலும் பரவாயில்லை.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நெல்லுக்குப் பக்கத்து வயல் எப்போதும் நெல்லாக இருப்பதில்லை. திருக்கனூர், வில்லியனூர் பக்கம் போனால் கத்தரி, வெண்டை, பருத்தி, கொடிப் பந்தல் எல்லாம் வரப்புக்கு வரப்பு மாறும். இவை அத்தனையும் அகன்ற இலைப் பயிர்கள். 2,4-டிக்குக் கரிசலாங்கண்ணியும் கத்தரியும் ஒன்றுதான். பருத்தி மிக நுட்பமாக உணரும். கண்ணுக்குத் தெரியாத சாரல் பட்டாலே புதிய இலைகள் அகலம் குறைந்து விரல் விரலாக நீளும், சப்பை உதிரும். 2,4-டியிலும் மூன்று உரு விற்கிறது: சோடியம் உப்பு, அமைன் உப்பு, ஈத்தைல் எஸ்டர். எஸ்டர், தெளித்த பிறகும் வெயிலில் ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் போகும். காய்கறியும் பருத்தியும் சூழ்ந்த நம் ஊருக்கு எஸ்டர் வேண்டவே வேண்டாம். பெயர்ச்சீட்டைப் படித்து வாங்குங்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு குணம் உண்டு. விடியற்காலையில் அடங்கியிருக்கும் காற்று, நண்பகல் நெருங்கும்போது கடலிலிருந்து கிளம்பி மேற்கே வீசும். காலையில் தொடங்கிய வேலையை, "இன்னும் நாலு டேங்க்தானே" என்று பன்னிரண்டு மணிவரை இழுப்பவர்கள்தான் மேற்கு வரப்புக்காரரிடம் மாட்டுகிறார்கள். பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கு மூலையில் என்ன பயிர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நம் பிரதேசம் துண்டு துண்டாகக் கிடப்பதால், வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம் அல்லது விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கும். பயிர் கருகியது என்று புகார் போனால் எந்த மாநில அதிகாரி வந்து பார்ப்பது என்பதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும்.

காற்றே இல்லாமலும் பயிர் போகும். ஒரு குடும்பம் நெல்லுக்கு 2,4-டி தெளித்த அதே தெளிப்பானை இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசி, ஐந்து நாள் கழித்துக் கத்தரியில் தண்டுத் துளைப்பானுக்கு மருந்தடித்தது. அரைக் காணிக் கத்தரி. நான் போனபோது குருத்தெல்லாம் பாம்புத் தலை போல வளைந்து நின்றது. பூ பிடித்திருந்த நேரம். நகைக்கடன் வாங்கி வைத்த பயிர். அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு மாத்து மருந்து இல்லையா தம்பி?" இல்லை. தண்ணீர் கட்டி, தழைச்சத்து கொடுத்து, தப்பியது துளிர்க்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மூன்றில் ஒரு பங்குச் செடி மீண்டது. விலை இருந்த நாள்கள் போய்விட்டன. ரப்பர் குழாயும் வாசரும் 2,4-டியை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும். சலவை சோடா கரைசலை நிரப்பி ஓர் இரவு ஊறவைத்து, குழாய், நாசில் வழியாக வெளியேற்றி, பிறகு நல்ல தண்ணீரில் பல முறை கழுவ வேண்டும். அதைவிட, களைக்கொல்லிக்கென்று ஒரு பழைய தெளிப்பானைச் சிவப்பு வண்ணம் அடித்துத் தனியே வைத்துவிடுவது மலிவு.

ஆண்டுதோறும் ஒரே மருந்து என்று இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. அகன்ற இலைக் களையை மட்டும் கொன்றுகொண்டே போனால் அந்த இடத்தைப் புல் பிடிக்கும். பஞ்சாப், அரியானா கோதுமையில் 2,4-டி அகன்ற இலைக் களைகளை அடக்கியது. குல்லி டண்டா என்ற புல் தலையெடுத்தது. அதற்கு ஐசோபுரோட்டூரான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கும் புல் அடங்காமல் போய், கோதுமையைப் பச்சையாகவே வெட்டி மாட்டுக்குப் போட்ட விவசாயிகள் உண்டு. நெல்லிலும் பிலிப்பைன்ஸில் 1983-லேயே 2,4-டிக்குச் சாகாத அகன்ற இலைக் களை பதிவாகியிருக்கிறது. பிஸ்பைரிபேக்குக்கு அடங்காத வட்டக்கோரை இந்தியாவிலேயே கண்டறியப்பட்டுள்ளது. ஒரு பருவம் மருந்து, அடுத்த பருவம் வரிசை நடவும் கோனோவீடரும் என்று மாற்றுங்கள். நட்ட முதல் மூன்று வாரம் வயலைச் சமமாக வைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்த முடிந்தவர்களுக்குப் பாதிக் களை முளைக்காது. சேடை ஓட்டி, பரம்படித்துச் சமன் செய்வதில் மிச்சம் பிடிக்கும் காசு, களைக்கொல்லிக் கடைக்குத்தான் போகிறது.

சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து விதைப்பவர்கள் மெட்சல்பியூரான் கலவையில் அளவை மீறக் கூடாது. காரத்தன்மை கூடிய மண்ணில் அது மெதுவாகத்தான் சிதையும். பயறு வகைகள் அதன் எச்சத்தைத் தாங்காது. இரண்டு பாக்கெட்டாகப் போட்டால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்ற எண்ணம் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

மேய்ச்சல் புறம்போக்கில் பார்த்தீனியத்துக்கு 2,4-டி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். புல் தப்பும், பார்த்தீனியம் சாகும், உண்மைதான். பூக்கும் முன் அடித்தால்தான் பயன். ஆனால் மருந்து பட்டு வாடிய செடியை மாடு வழக்கத்தைவிட ஆசையாகத் தின்னும் என்பதை மறக்கக் கூடாது. ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளும் அதில் சேரும். வாடியவை காய்ந்து மறையும்வரை மாட்டை விடாதீர்கள்.

2,4-டி பற்றி விவசாயிகள் கேட்கும் இன்னொரு கேள்வி, "வியட்நாமில் கொட்டிய விஷம்தானே இது?" என்பது. ஏஜென்ட் ஆரஞ்ச் என்பது 2,4-டியும் 2,4,5-டியும் சேர்ந்த கலவை. தலைமுறைகளைப் பாதித்த டையாக்சின் மாசு 2,4,5-டி தயாரிப்பில் வந்தது. அதற்காக 2,4-டி கற்கண்டு என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. 2020 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவிலும் இதன் பெயர் இருந்தது. பின்னர் வந்த இறுதி ஆணையில் தடைப் பட்டியலில் இது சேரவில்லை. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். சேற்றில் பூட்ஸோடு நடக்க முடியாது என்பார்கள். தண்ணீர் வடித்த வயலில் நடக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும், களைக்கு வரும் பெண்களுக்கும் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் நமக்குக் களை. அவர்களுக்கு மதியக் கீரை, சில நாள் சந்தைக்கும் போகும் கீரை. மருந்து தெளித்த முதல் சில நாள் கீரை பச்சையாக, கொழுத்ததுபோலக் கூடத் தெரியும். அப்போதுதான் பறிக்கத் தோன்றும். தெளித்த வயலின் நான்கு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். அந்தப் பருவம் முழுக்க அந்த வயலில் கீரை பறிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். துணிக்குப் பொருள் எல்லாருக்கும் தெரியாது.

மருந்து கேட்கவில்லை என்று உழவர் உதவியகத்துக்கோ குருமாம்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வரும்போது, களையை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள். காலி பாக்கெட், ரசீது, நெல் ரகம், நட்ட தேதி, தெளித்த தேதி, எத்தனை டேங்க், எந்த நாசில் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். நிலம் எத்தனை காணி என்று எழுதாமல், பட்டாவைப் பார்த்து எத்தனை ஆர் என்று எழுதுங்கள்.